பி.எஸ்.ஏ ஏர்ஸ்போர்ட்டரா, ஹெச்.டபிள்யூ 35ஆ: எதை வாங்குவது?

இங்கிலாந்தின் லெஸ்டரில் உங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் இரண்டு பழைய ஏர் ரைஃபிள்களை விற்கிறார். ஒன்று .22 அளவில் பிரிட்டனின் பி.எஸ்.ஏ ஏர்ஸ்போர்ட்டர், இன்னொன்று .177 அளவில் ஜெர்மனியின் வைராக் ஹெச்.டபிள்யூ 35 (இந்த அளவு அங்குலத்தில் பேரலின் துளை விட்டம்). இரண்டுக்கும் ஒரே விலை. ஒன்றைத்தான் வாங்க முடியும், பிரிட்டிஷ் உசத்தியா, ஜெர்மன் உசத்தியா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் கடைசியில் போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள்: தோட்டத்தில் காகித இலக்கைச் சுடத்தான், வேட்டைக்குப் போகும் எண்ணமில்லை, ஆர்வம் நீடித்தால் கிளப்பில் சேரலாம், ஊர் திரும்பினால் மதுரைக்கு எடுத்துப் போக முடியுமா என்றும் தெரிய வேண்டும். அதை வைத்துத்தான் பதில் சொல்ல முடியும். எந்த நாடு உசத்தி என்ற கேள்விக்கு விடை கிடையாது. எந்தத் துப்பாக்கி எந்த வேலைக்காகப் பிறந்தது என்றால் சொல்லலாம்.

நான் தொழிலில் இயந்திரப் பொறியாளன். மிட்லண்ட்ஸில் கிளப் நண்பர்களின் பழைய ஸ்பிரிங் துப்பாக்கிகளைக் கழற்றி, சீல் மாற்றி, திரும்பப் பூட்டிக் கொடுப்பது பல வருடப் பழக்கம். சீரியல் நம்பரைப் பார்த்ததும் எந்த வருடம், எந்த மாடல், இன்று என்ன விலை போகும் என்று சொல்லும் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். நான் அந்த ரகம் இல்லை. என்னிடம் விலை கேட்காதீர்கள். உள்ளே என்ன நடக்கிறது, எது தேயும், எது தேயாது என்று கேட்டால் சொல்வேன்.

முதலில் எல்லா ஸ்பிரிங் துப்பாக்கிக்கும் பொதுவான ஒரு விஷயம். லீவரையோ பேரலையோ மடக்கி இழுக்கும்போது ஒரு பெரிய ஸ்பிரிங் சுருங்கி, பிஸ்டன் பின்னால் போய் ட்ரிகரில் மாட்டிக்கொள்கிறது. ட்ரிகரை அழுத்தியதும் பிஸ்டன் முன்னால் பாய்ந்து, சிலிண்டரில் இருக்கும் காற்றை நெருக்கி, ஒரு சிறு துளை வழியாகப் பெல்லட் எனும் சின்ன ஈயக் குண்டுக்குப் பின்னால் தள்ளுகிறது. நூறில் ஒரு பங்கு நொடி அளவில் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் அந்தக் கணத்துக்குள் துப்பாக்கி இரண்டு முறை உதைக்கிறது. பிஸ்டன் முன்னால் ஓடும்போது துப்பாக்கி பின்னால் வருகிறது. சிலிண்டர் முனையில் நெருங்கிய காற்றில் பிஸ்டன் மோதி நிற்கும்போது துப்பாக்கி முன்னால் போகிறது. பெல்லட் பேரலைவிட்டு வெளியேறுவதும் இந்தக் குலுக்கலுக்கு நடுவில்தான். அதனால்தான் வெடிமருந்தால் சுடும் துப்பாக்கிக்குச் செய்த நல்ல டெலஸ்கோப்கூட ஸ்பிரிங் துப்பாக்கியில் மாட்டினால் உடைந்துபோவதுண்டு. அதனால்தான் இதை இறுக்கிப் பிடிக்காமல் லேசாகத் தாங்கிச் சுடச் சொல்கிறார்கள். இந்த இரட்டை உதையை ஒவ்வொருவரும் எப்படிச் சமாளித்தார்கள் என்று பார்த்தாலே இந்தத் துப்பாக்கிகளின் கதை முக்கால்வாசி வந்துவிடும்.

பிரிட்டனில் கதை பர்மிங்காமில் தொடங்குகிறது. 1900களின் தொடக்கத்தில் இங்கே விற்ற ஏர் ரைஃபிள்களில் பெரும்பகுதி ஐரோப்பாவிலிருந்து வந்த மலிவுச் சரக்கு. லிங்கன் ஜெஃப்ரிஸ் என்ற பர்மிங்காம் துப்பாக்கித் தொழிலாளி 1904இல் ஒரு வடிவமைப்புக்குக் காப்புரிமை வாங்கினார். பேரல் அசையாமல் நிற்கும், கீழே இருக்கும் லீவரை இழுத்தால் ஸ்பிரிங் ஏறும். அதைத் தயாரிக்க அவர் போனது பி.எஸ்.ஏ கம்பெனிக்கு. தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போர் 1902இல் முடிந்து ராணுவ ஆர்டர் குறைந்திருந்த நேரம். ராணுவ ரைஃபிள் செய்த அதே இயந்திரங்களும் அதே கைகளும் ஏர் ரைஃபிள் செய்ய உட்கார்ந்தன. அந்தக் கால பி.எஸ்.ஏ ஒன்றைக் கையில் எடுத்தால் இது பொம்மை இல்லை என்று உடனே தெரியும். நூறு வருடம் தாண்டியும் சுடும் துப்பாக்கிகளைப் பழுது பார்த்திருக்கிறேன். உள்ளே தோல் வாஷர் மாற்றினால் போதும், திரும்ப எழுந்து நின்றுவிடுகின்றன.

பிரிட்டிஷ்காரர்கள் முயல் சுட மட்டும் துப்பாக்கி செய்தார்கள் என்று இணையத்தில் எழுதுகிறார்கள். அது பாதி உண்மை. மிட்லண்ட்ஸ் பப்களில் மணி இலக்கு என்று ஒரு விளையாட்டு உண்டு. 6 கஜ தூரத்தில் ஓர் இரும்புத் தட்டு, நடுவில் ஓர் அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு விட்டமுள்ள ஓட்டை. பெல்லட் அதற்குள் போனால் பின்னால் மணி அடிக்கும். பீர் கிளாஸை வைத்துவிட்டு, ஊருக்கு ஊர் லீக் வைத்து ஆடினார்கள். அந்த ஆரம்பகால பி.எஸ்.ஏக்கள் நிறைய அந்த மணிக்காகவே வாங்கப்பட்டவை. இன்றும் சில இடங்களில் இது நடக்கிறது. லெஸ்டரிலிருந்து பர்மிங்காம் பக்கம் போகும்போது விசாரித்துப் பாருங்கள், 10 மீட்டர் கிளப்பைவிட ஜாலியாக இருக்கும்.

ஆனால் இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த பிரிட்டிஷ் துப்பாக்கிகளின் மனம் வெளியில்தான் இருந்தது: வயல், தோட்டம், முயல், புறா. உங்கள் பெரியவரிடம் இருக்கும் ஏர்ஸ்போர்ட்டர் 1948இல் வந்தது. லீவர் கீழே மரத்துக்குள் ஒளிந்திருக்கும், பார்க்க வேட்டை ரைஃபிள் போலவே இருக்கும். பேரல் அசையாது. பெல்லட்டை வைக்க, மேலே துளையுள்ள கூம்பு வடிவ அடைப்பான் ஒன்று இருக்கிறது. லீவரை இழுத்ததும் அது திறக்கும். பெல்லட்டைத் தலைகீழாக இல்லாமல் மூக்கு முன்னால் இருக்கும்படி போட்டு, பக்கத்தில் இருக்கும் சிறு பிடியைத் திருப்பி மூட வேண்டும். அசப்பில் பழைய பித்தளைக் குழாயின் திருகைப் போன்ற அமைப்பு. இங்கே எல்லோரும் இதை டேப் என்றுதான் சொல்வார்கள். 1947 முதல் 1975 வரை வெப்லி கம்பெனி செய்த மார்க் 3 துப்பாக்கியும் இதே குடும்பம்.

இந்த டேப்பின் நல்லது கெட்டது இரண்டையும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் முடிவு பாதி இதில்தான் இருக்கிறது. நல்லது: பேரலும் சைட்டும் ஒன்றுக்கொன்று எப்போதும் அசையாது. பெல்லட் போடும் இடத்துக்குப் பக்கத்தில் விரலை நசுக்கும் பெரிய திறப்பு எதுவும் இல்லை. கெட்டது: காற்று போகும் வழியில் வீண் காலியிடம் கூடுகிறது, அதனால் கொஞ்சம் பலம் வீணாகிறது. பெல்லட் பேரலின் ரைஃப்ளிங்கில், அதாவது உள்ளே சுருளாக வெட்டிய வரிகளில், சரியாக உட்காராமல் டேப்புக்குள் சும்மா கிடக்கிறது. சுடும்போது காற்று அதன் பின்பக்க விளிம்பை விரித்து, முன்னால் தள்ளி, அப்புறம்தான் பேரலுக்குள் நுழைக்கிறது. ஒவ்வொரு முறையும் அது ஒரே மாதிரி நுழையும் என்று சொல்ல முடியாது. இது எல்லாவற்றையும்விட மோசம் தேய்மானம். டேப்பும் அது உட்காரும் குழியும் ஜோடியாக உரசிப் பொருத்தப்பட்டவை. வேறு துப்பாக்கியின் டேப்பை எடுத்துப் போட்டால் பெரும்பாலும் காற்று கசியும். ஸ்பிரிங் தளர்ந்தால் புதுசு போடலாம், வாஷர் போனால் வெட்டிக்கொள்ளலாம், டேப் தேய்ந்தால் திறமையான கடைசல்காரர் ஒருவரைத் தேடித்தான் போக வேண்டும்.

இன்னொரு சின்ன விஷயம், புதிதாக வாங்குபவர்கள் இதில்தான் திண்டாடுகிறார்கள். ஜெர்மானியர்களின் .22 என்பது 5.5 மில்லிமீட்டர். பழைய பிரிட்டிஷ் .22 பேரல்கள் அதைவிட மயிரிழை பெரியவை. ஈலி கம்பெனி தன் வாஸ்ப் பெல்லட்டை 5.6 என்ற அளவிலும் விற்றது இதற்காகத்தான். இன்று கடையில் கிடைக்கும் 5.5 பெல்லட்டைப் பழைய ஏர்ஸ்போர்ட்டரில் போட்டுவிட்டு "குறி சரியில்லை" என்று துப்பாக்கியைத் திட்டுபவர்கள் நிறைய. துப்பாக்கி பாவம்.

சரி, ஜெர்மனி. அங்கே துரிங்கியா பகுதியில் செல்லா-மேலிஸ் என்று ஒரு சிறிய ஊர். வால்தர், அன்ஷூட்ஸ், வைராக் மூன்று கம்பெனிகளுக்கும் அதுதான் சொந்த ஊர். வைராக் அங்கே 1899இல் தொடங்கியது. 1945க்குப் பின் அந்த ஊர் சோவியத் பகுதிக்குள் போய்விட, மூவரும் மேற்கே வந்து மறுபடி கடை விரித்தார்கள். வால்தரும் அன்ஷூட்ஸும் உல்ம் நகரத்தில், வைராக் பவேரியாவின் மெல்ரிக்ஷ்டாட்டில். போருக்குப் பிறகு சில ஆண்டுகள் ஜெர்மானியர்கள் துப்பாக்கி செய்யத் தடை இருந்தது. தடை தளர்ந்தபோது முதலில் அனுமதி கிடைத்தது ஏர் ரைஃபிளுக்கு. ஊருக்கு ஊர் இருந்த சுடுநர் சங்கங்களும் அதை வைத்துத்தான் மறுபடி உயிர் பெற்றன. சாதாரண காலத்தில் ராணுவ ரைஃபிள் வரைந்திருக்கக்கூடிய மூளைகள் பல வருடம் காற்றையும் ஸ்பிரிங்கையும் பற்றி யோசித்தன. ஓபர்ன்டார்ஃபில் மௌசர் கம்பெனியில் வேலை பார்த்த வெஸ்டிங்கர், ஆல்டன்பர்கர் என்ற இருவர் தொடங்கியதுதான் ஃபைன்வெர்க்பாவ்.

சங்கத்துக்குள், கூரைக்குக் கீழே, 10 மீட்டரில் சுடுவதற்குப் பலம் தேவையில்லை. துல்லியம்தான் தேவை. இன்று அந்தப் போட்டியில் பத்துப் புள்ளி வளையம் வெறும் அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு புள்ளி. பர்மிங்காமின் மணி ஓட்டையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த இடத்தில் இரட்டை உதையை வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியாது. ஃபைன்வெர்க்பாவ் 1960களில் கொண்டுவந்த 150 மாடலில், சுடும்போது பேரலும் சிலிண்டரும் மொத்தமாக மரத்தின் மேல் தண்டவாளம் போன்ற ஒரு தடத்தில் நகர்ந்துவிடும். கன்னத்துக்கும் தோளுக்கும் உதை வராது. அதன் தம்பியான 300 மாடல் இன்றும் கிளப்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. டயானா கம்பெனி வேறு வழியில் போனது. கிஸ் என்ற பொறியாளரின் அமைப்பில் எதிரெதிராக ஓடும் இரண்டு பிஸ்டன்கள் ஒன்றையொன்று சமன் செய்கின்றன. டயானா 65, 66, 75 எல்லாம் அந்த வகை. இப்படி ஒன்று மலிவாகக் கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள், ஆனால் சமையலறை மேசையில் கழற்ற நினைக்காதீர்கள். பல்சக்கரப் பொருத்தம் ஒரு பல் தவறினாலும் திரும்ப வேலை செய்யாது. 10 மீட்டர் ஏர் ரைஃபிள் 1966இல் உலகச் சாம்பியன்ஷிப்பிலும் 1984இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கிலும் நுழைந்தது. அந்த உச்சியில் பிரிட்டிஷ் ஸ்பிரிங் துப்பாக்கிக்கு இடமே இருக்கவில்லை. இதில் சந்தேகத்துக்கு வேலை இல்லை.

உங்கள் ஹெச்.டபிள்யூ 35 அந்த உச்சியைச் சேர்ந்தது அல்ல. 1950களில் வந்த, கனமான, பேரலை மடக்கும் துப்பாக்கி. மெரினாவில் பலூன் சுடும் துப்பாக்கியை மடக்குவது போலத்தான் இதையும் மடக்க வேண்டும். ஆனால் மூடிய பேரல் தானாகத் திறக்காதபடி ஒரு பூட்டு இருக்கிறது. கட்டைவிரலால் அதைத் தள்ளினால்தான் பேரல் இறங்கும். பேரல் மடங்கினால் குறி தவறும் என்ற பழைய பயத்துக்கு வைராக் சொன்ன பதில் அது. பெல்லட் நேராகப் பேரலுக்குள்ளேயே உட்காருகிறது, டேப்பின் தொல்லை எதுவும் இல்லை.

அதைவிடப் பெரிய விஷயம் ட்ரிகர். வைராக்கின் ரெக்கார்ட் ட்ரிகரைப் பற்றி இந்தத் துறையில் மாற்றுக் கருத்து சொல்பவரை நான் பார்த்ததில்லை. அந்தக் கால பிரிட்டிஷ் துப்பாக்கிகளில் ட்ரிகர் எளிமையானது. ஸ்பிரிங்கின் முழு அழுத்தமும் ஒரே கொக்கியில் தங்கும், அந்தக் கொக்கியை உங்கள் விரல் நேரடியாக இழுக்க வேண்டும். ட்ரிகரை லேசாக்க முயன்றால் கொக்கி நழுவும் ஆபத்து. ரெக்கார்டில் நெம்புகோல்கள் அடுத்தடுத்து நின்று அந்தப் பாரத்தை வாங்கிக்கொள்கின்றன. விரலுக்கு வந்து சேருவது அதன் சிறு பகுதி மட்டும். முதல் இழுப்பு லேசாக வந்து ஓரிடத்தில் நிற்கும், அங்கிருந்து கண்ணாடி உடைவது போலச் சட்டென்று விடும். ட்ரிகருக்குப் பின்னால் இருக்கும் பெரிய ஸ்க்ரூவைத் திருப்பி எடையைக் கூட்டலாம், குறைக்கலாம். உள்ளே தெரியும் மற்ற ஸ்க்ரூக்களைத் தொடாதீர்கள். காகித இலக்கைச் சுட ஆரம்பிப்பவருக்கு, என் அனுபவத்தில், நல்ல பேரலைவிட நல்ல ட்ரிகர்தான் சீக்கிரம் கற்றுக்கொடுக்கிறது.

சட்டமும் இந்த வித்தியாசத்தை வளர்த்தது. பிரிட்டனில் ஏர் ரைஃபிளிலிருந்து வெளியேறும் பெல்லட்டின் ஆற்றலுக்கு 12 அடி-பவுண்டு உச்சவரம்பு, 1969 விதிகளின்படி. அதைத் தாண்டினால் துப்பாக்கி லைசன்ஸ் வேண்டும். ஜெர்மனியில் லைசன்ஸ் இல்லாமல் வாங்க 7.5 ஜூல்தான் வரம்பு, அதாவது சுமார் 5.5 அடி-பவுண்டு. ஐங்கோணத்துக்குள் F என்ற முத்திரை இருந்தால் அந்த வரம்புக்குள் என்று அர்த்தம். 12 அடி-பவுண்டில் சாதாரண .22 பெல்லட் நொடிக்கு 600 அடிக்குக் கொஞ்சம் மேல் போகும், .177 பெல்லட் 800 அடி போகும். ஜெர்மன் வரம்பில் அதே .177 பெல்லட் 550 அடியைத் தொடுவதே கஷ்டம். ஆனால் ஒன்று: சிலர் ஜெர்மன் துப்பாக்கிகளின் குணம் முழுவதற்கும் 7.5 ஜூல்தான் காரணம் என்கிறார்கள். அது சரியாக வராது. அந்த வரம்பு 1970ஐ ஒட்டி வந்தது. ஹெச்.டபிள்யூ 35 அதற்கு வெகு முன்னாலேயே வந்துவிட்டது. வைராக் ஏற்றுமதிக்கு முழுப் பலத்திலும் செய்து அனுப்பியது. உங்கள் பெரியவரிடம் இருப்பதில் F முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது ஜெர்மன் உள்நாட்டு ஸ்பிரிங்கோடு வந்த துப்பாக்கியாக இருக்கலாம். தோட்டத்துக்கு அது குறை இல்லை, நிம்மதி.

விசாரிக்கும்போது டயானா என்ற பெயரும் காதில் விழும், அதில் ஒரு குழப்பம் உண்டு. டயானாவை ராஸ்டாட்டில் மயர் உண்ட் கிராம்மெல்ஷ்பாக்கர் கம்பெனி 1890 முதல் நடத்தியது. போருக்குப் பின் அவர்களுடைய இயந்திரங்களும் டயானா என்ற பெயரும் ஸ்காட்லாந்தின் மதர்வெல்லில் இருந்த மில்பிரோ கம்பெனியிடம் போய்ச் சேர்ந்தன. அதனால் பல வருடம் பிரிட்டனில் டயானா என்று விற்றது ஸ்காட்டிஷ் சரக்கு. உண்மையான ஜெர்மன் டயானா இங்கே ஒரிஜினல் என்ற பெயரில் வந்தது. டயானா முத்திரையோடு மேட் இன் கிரேட் பிரிட்டன் என்று இருந்தால் அது மில்பிரோ. ஒரிஜினல் 35 என்று யாராவது காட்டினால் அது ராஸ்டாட் துப்பாக்கி, ஹெச்.டபிள்யூ 35க்கு நல்ல போட்டியாளர்.

1980களுக்கு வந்தால் பிரிட்டிஷ், ஜெர்மன் என்ற கோடே அழிந்துவிடுகிறது. பிரிட்டனில் ஃபீல்ட் டார்கெட் என்ற விளையாட்டு பிறந்தது. வயல்வெளியில் வெவ்வேறு தூரத்தில் இரும்பு இலக்குகளை வீழ்த்த வேண்டும். அதற்கு 12 அடி-பவுண்டு பலமும் வேண்டும், போட்டித் துல்லியமும் வேண்டும். இந்த ஆசையை நிறைவேற்றியது பி.எஸ்.ஏவோ வெப்லியோ அல்ல. வைராக்கின் ஹெச்.டபிள்யூ 77, கீழ் லீவரும் அசையாத பேரலும் ரெக்கார்ட் ட்ரிகரும் சேர்ந்த துப்பாக்கி. லிங்கன் ஜெஃப்ரிஸின் பழைய யோசனை, டேப் மட்டும் நீக்கப்பட்டு, பவேரியாவிலிருந்து திரும்பி வந்தது என்று நான் கிண்டலாகச் சொல்வதுண்டு. அப்புறம் சசெக்ஸில் ஹெய்ல்ஷாம் ஊரின் ஏர் ஆர்ம்ஸ் கம்பெனி அதே பாதையில் டி.எக்ஸ். 200ஐச் செய்து அசத்தியது. இன்று ஸ்பிரிங் துப்பாக்கிகளில் சிறந்தது எது என்று கேட்டால் பலர் சொல்வது அந்த பிரிட்டிஷ் துப்பாக்கியைத்தான். அதற்குள் பி.எஸ்.ஏ 1986இல் ஸ்பெயினின் காமோவிடம் போய்விட்டது. வெப்லியின் பர்மிங்காம் ஆலை 2005 கடைசியில் மூடப்பட்டது.

எது உறுதி, எது வெறும் பேச்சு என்று பிரித்துச் சொல்கிறேன். ட்ரிகரில் ஜெர்மன் கை ஓங்கியது உறுதி. உட்புற இலக்குச் சுடுதலிலும் அப்படியே. டேப் முறைக்குத் துல்லியத்தில் ஓர் எல்லை உண்டு என்பதும் உறுதி. ஆனால் "ஜெர்மன் எஃகு பிரிட்டிஷ் எஃகைவிடத் தரமானது" என்பதற்கு நான் கழற்றிப் பார்த்த உள்பாகங்களில் ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. இருபுறமும் நல்லதும் உண்டு, 1970களில் செலவைக் குறைக்கப் பார்த்துச் செய்த மட்டமானதும் உண்டு. தோல் வாஷர் மென்மையாகச் சுடும், செயற்கை சீல் வேகமாகச் சுடும் என்பதும் பாதி ருசி, பாதி உண்மை. ஸ்பிரிங் நல்ல நிலையில் இருக்கிறதா, அதன் உள்வழிகாட்டிக் குழாய் சரியாகப் பொருந்துகிறதா என்பது அதைவிடப் பெரிய வித்தியாசம் செய்கிறது. சுடும்போது உள்ளே வீணை நரம்பு தட்டியது போல ஒலித்தால் அந்தப் பொருத்தம் தளர்ந்துவிட்டது. பிரிட்டிஷ் வால்நட் மரம் அழகு என்பார்கள். அது ரசனை, எனக்கும் பிடிக்கும்.

இனி பெரியவர் வீட்டில் என்ன பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். ஏர்ஸ்போர்ட்டரில் டேப்பின் பிடியை விரலால் ஆட்டிப் பாருங்கள், பக்கவாட்டில் தளர்வு இருந்தால் யோசிக்க வேண்டும். பாதுகாப்பான ஓர் இலக்கை நோக்கிச் சுடச் சொல்லி, டேப்பைச் சுற்றி ஒரு மெல்லிய டிஷ்யூ பேப்பர் துண்டை வைத்தால் கசிவு இருக்கிறதா என்று பேப்பரே பறந்து சொல்லிவிடும். ஹெச்.டபிள்யூ 35இல் அதே சோதனையைப் பேரல் மூடும் இடத்தில் செய்யுங்கள். அங்கே கசிந்தால் ஒரு சீல் மாற்றுவதோடு வேலை முடியும், பயப்பட வேண்டாம். மூடிய பேரலை மேலும் கீழும் பக்கவாட்டிலும் அசைத்துப் பாருங்கள். பேரல் மேல்நோக்கி லேசாக வளைந்திருக்கிறதா என்று பக்கத்திலிருந்து பாருங்கள். பேரல் திறந்திருக்கும்போது யாராவது ட்ரிகரை அழுத்தியிருந்தால் அது சவுக்குபோல மேலே அடித்து வளைந்துபோயிருக்கும். அந்தத் துப்பாக்கியில் கைப்பிடிக்குப் பக்கத்தில் மரமும் விரிசல் விட்டிருக்கும். பிடியைத் தொட்டுப் பாருங்கள். சுட்டதும் புகையோ எண்ணெய் கருகிய வாடையோ வந்தால், யாரோ சிலிண்டருக்குள் தையல் மெஷின் எண்ணெயைத் தாராளமாக விட்டிருக்கிறார்கள். நெருங்கிய காற்றின் சூட்டில் அது டீசல் எஞ்சினில் போலப் பற்றிக்கொள்ளும், சீலையும் ஸ்பிரிங்கையும் கெடுக்கும். முடிந்தால் கிளப்பில் யாரிடமாவது குரோனோகிராஃப் வாங்கிக்கொண்டுபோய் வேகத்தை அளந்துவிடுங்கள். 12ஐத் தாண்டிய துப்பாக்கியை லைசன்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் மாட்டுவது நீங்கள்தான், விற்றவர் அல்ல.

இங்கிலாந்தில் அந்த வரம்புக்குள் இருந்தால் வாங்க லைசன்ஸ் தேவையில்லை, 18 வயது முடிந்திருக்க வேண்டும். வேலை மாறி ஸ்காட்லாந்துக்குப் போனால் நிலைமை வேறு, 2016 டிசம்பர் 31 முதல் அங்கே ஏர் ரைஃபிளுக்கே சான்றிதழ் வேண்டும். தோட்டத்தில் சுடும்போது பெல்லட் உங்கள் எல்லையைத் தாண்டக் கூடாது. வேலிக்கு முன்னால் கனமான ஒரு தடுப்பு வையுங்கள், மரப்பலகை போதாது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் பூட்டிவைப்பது சட்டப்படியும் உங்கள் பொறுப்பு. மதுரைக் கேள்விக்கு: இந்தியாவின் 2016 ஆயுத விதிகளில் 20 ஜூலைத் தாண்டும் ஏர் ரைஃபிளுக்கும், .177ஐவிடப் பெரிய துளை உள்ளதற்கும் லைசன்ஸ் வேண்டும். ஆகவே .22 ஏர்ஸ்போர்ட்டர் அந்தப் பட்டியலிலேயே விழுந்துவிடுகிறது. ஹெச்.டபிள்யூ 35 விழாது. ஆனால் சுங்கத்தைக் கடந்து உள்ளே கொண்டுபோவது தனி வேலை, அதைக் கிளம்புவதற்கு முன் உரிய அதிகாரிகளிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் தேர்வு ஹெச்.டபிள்யூ 35. காகித இலக்கு, தோட்டத்துத் தூரம், புதுக் கை, .177, ரெக்கார்ட் ட்ரிகர் எல்லாம் ஒரே பக்கம் சாய்கின்றன. வைராக் இன்னும் மெல்ரிக்ஷ்டாட்டில் ஓடிக்கொண்டிருப்பதால் உதிரிபாகத்துக்கும் அலைய வேண்டியதில்லை. பேரல் வளைந்திருந்தாலோ மரத்தில் விரிசல் இருந்தாலோ மட்டும் ஏர்ஸ்போர்ட்டர் பக்கம் திரும்புங்கள், அதுவும் டேப் இறுக்கமாக இருந்தால். இரண்டும் சரியில்லை என்றால் பெரியவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். வாங்கியபின் ஐந்தாறு வகைப் பெல்லட் டப்பா வாங்கி ஒவ்வொன்றையும் பத்து பத்தாகச் சுட்டுப் பார்த்து, காகிதத்தில் விழும் ஓட்டைகளின் கூட்டம் எதில் சிறிசாக வருகிறதோ அதையே வைத்துக்கொள்ளுங்கள். இடது கையை முன்மரத்துக்கு அடியில் தட்டு மாதிரி விரித்து வைத்தால் போதும், விரல் மூட வேண்டாம்.